திருவாசகக் கூட்டிசைப் பதிவு: ஒரு திறனாய்வு

மார்கழித் திருவாதிரைக்கு முந்திய பத்து நாள்களிலும் விடியற்காலையிலே திருவெம்பாவை ஓதுதல் ஈழத்துச் சைவர்தம் பழைய வழக்காகும். சங்கும் சேமக்கலமும் ஒலிக்க, ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றையோர் அதனை வாங்கிப் பாடுவர். அப்பாட்டிலே சுருதி சிறிது விலகினும் குறை கூறுவார் இலர். ஆயின், ஒலிபெருக்கி வந்த பின்னர்ப் பாடுவார் வாராத நாளிலும் பாட்டு ஒலிக்கத் தொடங்கிற்று. ஒலிநாடாவும், அதன்பின் இறுவட்டும், இந்நாளிலே கைப்பேசியும் பாடுவோரின் இடத்தைப் பெரும்பாலும் பற்றிக்கொண்டன. ஆதலால், எந்த ஒலிப்பதிவு நல்லது என்னும் வினா இசைவாணரோடு நின்றுவிடாது, ஆலய பரிபாலன சபையாரையும் பாடசாலை ஆசிரியரையும் வந்து பற்றிக்கொண்டது.

இவ்வினாவை ஆராய்தற்குத் தக்க ஓர் ஒலிப்பதிவு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாணிக்கவாசகர் அருளிய திருவாசகத்தின் ஆறு பகுதிகளை இளையராஜா மேனாட்டுப் பல்லியக் குழுவுக்கும் பாடற்குழுவுக்கும் தனிக்குரலுக்குமாக இசையமைத்தார். புடாபெஸ்ட் சிம்பொனிப் பல்லியக் குழு வாசித்தது. லாஸ்லோ கோவாச் அதனை நடத்தினார். ஆங்கிலப் பகுதிகளை, ‘கொட்ஸ்பெல்’ முதலிய இசைநாடகங்களால் அறியப்பட்ட ஸ்ரீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். சென்னையிலுள்ள தமிழ் மையம் என்னும் அமைப்பு இதனைத் தயாரித்து வெளியிட்டது. சிம்பொனி என்னும் பெயரோடு வெளிவந்ததாயினும் இஃது இலக்கணத்தாற் சிம்பொனியன்று. சிம்பொனி பல்லியத்துக்கே உரியது. சொல் அதற்கு இன்றியமையாததன்று. திருமறைச் சொல்லைத் தனிக்குரலும் குழுக்குரலும் பல்லியத்தோடு பாடுவதும், வேடமும் அரங்கக் காட்சியும் இல்லாததுமாகிய வகைக்கு ஐரோப்பியர் வழங்கும் பெயர் ஒரற்றோரியோ என்பதாகும். இப்பதிவு அவ்வகையைச் சார்ந்ததென்று கொள்வதே பொருந்தும்.

பெயர் புதிதாகத் தோன்றினும் பொருள் நமக்குப் புதிதன்று. உரோமாபுரியிலே செபக்கூடங்களிற் பிறந்தமையால் அவ்விடத்தின் பெயரே அவ்விசைக்கும் பெயராயிற்று. நம் ஆலயங்களின் புராணபடனமும் அத்தகையதே. திருவெம்பாவைக் காலத்திலே திருவாதவூரடிகள் புராணத்தை ஒருவர் இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, அடியார் இருந்து கேட்பர். அங்கும் வேடமில்லை, கதையைச் சொல்லும் குரலே நாடகம். ஆகவே, திருவாசகத்தை ஒரற்றோரியோவாகக் கேட்கும் ஈழத்தவன் அந்நியமான ஒன்றைக் கேட்கிறான் என்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை.

இனிச் செலவைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். பெரும் பல்லியக் குழுவையும் பாடற்குழுவையும் ஒருங்கே கூட்டிப் பல நாள் ஒத்திகை பார்த்துப் பதிவு செய்தல் பெருஞ்செல்வ நிறுவனங்களுக்கே இயலும் என்பது நெடுங்கால நம்பிக்கை. அதனை அசைத்தது ஹொங்கொங்கில் 1987ஆம் ஆண்டில் கிளவுஸ் ஹைமன் தொடங்கிய நக்சோஸ் நிறுவனம். புகழ்பெற்ற பெயர்களுக்குப் பொருள் கொடாது, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி முதலிய நாடுகளின் தேர்ந்த குழுக்களைக் கொண்டு பதிவு செய்து, மற்றையோர் விலையினும் மிகக் குறைந்த விலைக்கு அது விற்றது. மேற்கு ஐரோப்பிய நகரங்களை நோக்கக் கிழக்கு ஐரோப்பியக் குழுக்களுக்கு ஆகும் செலவு குறைவு, திறமையோ குறைவன்று. திரைப்படத்துறையார் பலர் புடாபெஸ்டை நாடியதும் இது பற்றியே. ‘ஹே ராம்’ படத்தின் பின்னணி இசைக்கு இளையராஜாவே அந்நகரை நாடியவர். எனவே திருவாசகப் பதிவு, நக்சோஸ் பதிவு போல மலிவு விலைக்கென்று திட்டமிடப்பட்டதன்று எனினும், பெருநிறுவனத்தின் பணப்பெட்டி பின்னில்லாது சிக்கனத்தின் வழி சென்று நிறைவேறியது எனலாம்.

சிக்கனம் எங்கே கேட்கும், எங்கே கேளாது என்பதை அறிய ஹான்டெலின் ‘மெசாயா’வினும் தக்க சான்று வேறில்லை. 1741ஆம் ஆண்டில் இருபத்துநான்கு நாள்களில் அவர் அதனை எழுதி முடித்தார். 1742 ஏப்ரில் 13ஆம் நாள் டப்ளினில் அஃது அரங்கேறிற்று. 1754ஆம் ஆண்டில் இலண்டன் அநாதச் சிறுவர் இல்லத்தில் நிகழ்ந்தபோது எழுதப்பட்ட கணக்கிலே பாடற்குழுவினர் தொகை 19 என்றே காணப்படுகின்றது. தனிப்பாடகர் ஐவரும் அவர்க்குத் துணை செய்தனர். ஹான்டெல் மறைந்த பின்னர், 1784இல், வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்தில் ஐந்நூற்றுவருக்கு மேற்பட்டோர் கூடி அதனைப் பாடியும் வாசித்தும் விழாக் கொண்டாடினர். அன்று தொடங்கி, கூட்டம் பெருகுதலே பெருமை என்னும் எண்ணம் வேரூன்றி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. நக்சோஸ் நிறுவனத்தாரோ 1990களின் தொடக்கத்தில் ஸ்கொலர்ஸ் பரோக் குழு என்னும் சிறு குழுவைக் கொண்டே இந்நூலைப் பதிந்தனர். மீட்டும் 2006இல், ஒக்ஸ்போர்ட் நியூ கல்லூரிப் பாடற்குழுவினரையும் சிறுவர் குரல்களையும் கொண்டு, ஹான்டெல் 1751இல் வழங்கிய வடிவத்தை எட்வேர்ட் ஹிகின்பொத்தம் தலைமையில் வெளியிட்டனர். பாடுவோர் சிலராதலின் சொல் தெளிவாயிற்று; தெளிவாகவே குறைவு என்று எண்ணப்பட்டது நிறைவாய் முடிந்தது. குரல்களின் தொகையைச் சுருக்குதலாற் கெடுதியில்லை. ஒத்திகைக் காலத்தையும், பாடுவோர் ஒருவரையொருவர் கேட்கும் வாய்ப்பையும் சுருக்கினாலோ அக்குறை செவிக்கு உடனே புலனாகிவிடும். திருவாசகப் பதிவையும் இவ்வளவுகோலாலே அளந்து பார்க்கலாம்.

முதலிற் சொல். தமிழிலே குழுவாகப் பாடுவோர்க்கு ஆங்கிலேயர்க்கில்லாத ஓர் இடர் உண்டு. குறிலும் நெடிலும் நம் மொழியிலே பொருளை வேறுபடுத்துவன. விடு என்பதன் முதலெழுத்து நீண்டால் வீடாகும், பெறு என்பது பேறாகும், கல் காலாகிவிடும். தனியே பாடுவோன் நீட்ட வேண்டிய இசையை மெல்லினத்திலோ இடையினத்திலோ அடுத்த நெடிலிலோ ஏற்றி, குறிலைக் குறிலாகவே காத்துக்கொள்வான். ஓதுவார்கள் இதில் வல்லவர். பல குரல் பல சுரத்தில் ஒருங்கே நிற்க வேண்டிய மேனாட்டு ஒத்திசையிலோ ஒவ்வோர் எழுத்தும் ஒரு கால அளவு நின்றே தீரவேண்டும். அப்போது குறில் நெடிலாய்த் திரிதல் எளிது. திரிந்தால் அழிவது பொருள் மட்டுமன்று, எதுகையும் அழியும். முதலெழுத்து அளவொத்து நிற்க இரண்டாமெழுத்து ஒன்றி வருவதன்றோ எதுகை? அவ்வளவு குலைந்தபின் நான்கடியின் தொடுப்பும் செவிக்குப் புலப்படாது.

இவ்விடரை இளையராஜா நன்கு அறிந்தே இசையமைத்தார் என்பது பதிவிற் புலனாகின்றது. குழுக்குரலுக்கு அவர் பெரும்பாலும் அளித்தன ஓரெழுத்துக்கு ஒரு சுரமாய் நடக்கும் எளிய மெட்டுகள். நீளும் இடங்களை நெடிலின்மேலே வைக்க முயன்றிருக்கிறார். குழுவினரும் வல்லினத்தை ஒருசேர ஒலிக்கின்றனர். ஒருவர் முந்தவும் மற்றொருவர் பிந்தவும் எழுகின்ற சிதறல் மிகக் குறைவு. ஆயினும் பல்லியம் முழுதும் எழும் உச்சங்களில் இத்தெளிவு நிலைக்கவில்லை. நரம்புக் கருவிகளும் ஊதுகருவிகளும் மேலோங்க, குழுவின் சொல் வெறும் உயிரொலியாய்க் கரைந்துபோகின்றது. நூலை முன்னரே நெஞ்சிற் கொண்டவர்க்கு அது தடையன்று. முதன்முறை கேட்கும் மாணவனோ கையில் ஏடில்லாது பின்தொடர்தல் அரிது.

தனிக்குரலைப் பெரும்பாலும் இசையமைத்தவரே ஏற்றுள்ளார். பயிற்சி மிக்க சங்கீத வித்துவானின் குரலன்று அது. கரகரப்பும் நாட்டுப்புற வாடையும் உடையது. மாணிக்கவாசகர் தம்மை நாயினும் கீழாக வைத்துப் பேசும் இடங்களில் இக்குரல் மெருகேறிய குரலினும் பொருந்துகின்றது. திருவாசகத்தை மோகனத்திற் பாடுவதே ஓதுவார் மரபு. தருமபுரம் ப. சுவாமிநாதன் முதலியோரின் பதிவுகளிற் பழகிய செவிக்கு, அம்மரபை விட்ட மெட்டுகள் முதலில் நெருடத்தான் செய்யும். அந்நெருடலைக் குற்றமாக எண்ணுதல் முறையன்று. மோகனம் ஓதுதற்கு வாய்த்த பண். ஒரு பகுதியின் உள்ளே அச்சமும் களிப்பும் இரக்கமும் மாறிமாறி எழும் நாடகத்தை அஃது ஒன்றே தாங்கும் என்று எவரும் விதி செய்திலர்.

இப்பதிவின் மெய்யான குறை வேறோரிடத்தில் உள்ளது. பல்லியம் ஹங்கேரியிலே பதியப்பட்டது. குரல்கள் வேறாகப் பதிந்து பின்பு சேர்க்கப்பட்டன. திரைப்படப் பாட்டிலே நாள்தோறும் நிகழ்வது இதுவே ஆதலின் பலர்க்கு இது குறையாகத் தோன்றாது. ஒரற்றோரியோவுக்கோ இது பெருங்குறை. பாடுவோனின் மூச்சைக் கண்டு நடத்துனர் கையை ஒரு கணம் தாழ்த்துவதும், வாசிப்போர் அதனை உணர்ந்து நிற்பதும் ஓரிடத்தில் ஒருங்கிருந்தார்க்கே கைகூடும். இங்கே பல்லியம் அளந்த காலத்தினுள் குரல் சென்று அமர்கின்றது; குரலுக்காகப் பல்லியம் ஓரிடத்தும் காத்திருப்பதாகத் தோன்றவில்லை. மண்டபத்தின் எதிரொலியும் வேறுபடுகின்றது. பல்லியம் அகன்ற கூடத்திலிருந்தும், தனிக்குரல் செவியின் அருகிருந்தும், குழுக்குரல் இரண்டுக்கும் இடைப்பட்ட எங்கோவிருந்தும் வருகின்றன. பொருட்செலவு சுருங்கியதன் சுவடு கேட்கும் இடம் இதுவே. நக்சோஸ் வெளியிட்ட ‘மெசாயா’ இரண்டும் இவ்வகையில் இதனை வென்று நிற்கின்றன. அங்கே சிலரேயாயினும் பாடினோரும் வாசித்தோரும் ஓரிடத்தே கூடியிருந்தனர்.

ஆங்கிலப் பகுதி நெடிய பூசலுக்கு இடமானது. சிவபுராணத்தின் தொடக்கத்தை விட்டு, அடியவர் தம் இழிவை எண்ணி நையும் இடத்திற் பாட்டுத் தொடங்கி, ஏறக்குறைய இருபது நிமிடம் நடக்கின்றது. அதனூடே ஆங்கிலக் குரல் வருகின்றது. திருவாசகம் ஆங்கிலத்திற் செல்வது புதிதன்று, ஜீ. யூ. போப் 1900ஆம் ஆண்டிலேயே அதனை மொழிபெயர்த்து வெளியிட்டார். ஆதலால் மொழி கலந்தமை பற்றிச் சினத்தல் வீண். கவனிக்கத்தக்கது பொருளின் சாயல். சைவர் கூறும் மலம் உயிரை அநாதியே பற்றி நிற்பது. பிறவி பலவற்றின் வழியே தேய்வது. ஆங்கிலச் சொற்களிலோ குற்றம் செய்த ஒரு மனிதன் தன் குறையை ஒப்புக்கொள்ளும் தொனியே மேலோங்குகின்றது. புல் முதலாகப் பல பிறவி எடுத்து இளைத்த உயிரின் களைப்பு அதில் இல்லை. பாடும் முறையும் நியூயோர்க் இசைநாடக அரங்கை நினைவூட்டுகின்றது. தமிழ்க் குரல் மீளும்போது கேட்பவன் வேறொரு வீட்டினுட் புகுந்தவன் போலாகிறான்.

ஆறு பகுதிகளைத் தெரிந்த முறையை ஆராய்தல் இன்னும் பயன் தரும். ஹான்டெலுக்கு விவிலியத் தொடர்களைத் தொகுத்தளித்த சார்ள்ஸ் ஜெனன்ஸ், தம் சொல் ஒன்றும் சேர்க்காமல், வரிசைப்படுத்திய திறத்தாலே முன்னறிவிப்பு, பிறப்பு, பாடு, உயிர்ப்பு என்னும் கதையை எழச் செய்தார். இளையராஜாவின் வரிசை திருக்கோத்தும்பி, சிவபுராணம், யாத்திரைப் பத்து, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து என்று செல்கின்றது. நூலிலே 51 பகுதிகளுள் யாத்திரைப் பத்து நாற்பத்தைந்தாவது. உலகை விட்டு இறைவன்பாற் புறப்படுமாறு அடியாரை அழைப்பது. அது மூன்றாவதாக வந்தபின் மீண்டும் பிடித்த பத்தும் பொற்சுண்ணமும் வருதல், புறப்பட்டவர் வாயிலில் நின்று பேச்சைத் தொடர்வது போன்றது. குழு முழுதும் எழுந்து பாடும் முடிவுப் பகுதியாக அதனையே வைத்திருந்தால் நூலுக்கும் இசைக்கும் ஒருங்கே பொருந்தியிருக்கும்.

ஆயினும் தெரிவிலே நுட்பம் இல்லையென்று கூறுதல் தகாது. சிவபுராணம் ஒழிந்த ஐந்து பகுதிகளும் பாட்டுத்தோறும் ஈற்றில் மீளும் தொடரோ, மீண்டும் மீண்டும் அழைக்கும் அழைப்போ உடையவை; குழுப்பாட்டுக்கு இது பேருதவி. அவ்வீற்றுத் தொடர்களின் எண்ணை இலக்கண மாணாக்கர் நோக்குக. பிடித்த பத்தின் ஈறு ஒருமை. இறைவனைப் பற்றிக்கொண்ட ஒருவர் தனித்து மொழிவது. பொற்சுண்ணத்தின் ஈறு பன்மை. பலர் கூடி உலக்கையிடும் மகளிர் மொழிவது. அச்சப்பத்திலோ பாட்டின் உள்ளே ‘அஞ்சேன்’ என்னும் ஒருமை வருகின்றது. ஈற்றிலே ‘நாம்’ என்னும் பன்மை வருகின்றது. இன்னவற்றுக்கு யான் அஞ்சேன் என்று ஒருவர் அடுக்கிச் சொல்ல, அன்பில்லாரைக் கண்டால் அஞ்சுவோம் என்று கூட்டம் முழுதும் ஒப்புக்கொள்ளும் அமைப்பு அது. தனிக்குரலுக்கு இன்னது, குழுவுக்கு இன்னது என்று மாணிக்கவாசகரே பிரித்துவைத்தார் போலும்! பதிவின் ஆறு பகுதிகளுள் இதுவும் பொற்சுண்ணமுமே சிறந்தன என்று துணிந்து கூறலாம். மெட்டின் சிறப்பினும் இவ்வெண் வேறுபாடே அதற்குக் காரணம். பிடித்த பத்திலே குழுவின் குரல் சேரும்போது, ஒருவர் அந்தரங்கமாய்ச் சொன்னதைப் பலர் வாங்கி உரக்கச் சொல்வது போன்ற கூச்சம் உண்டாகின்றது.

பன்மைக்கென்றே பிறந்த வேறிரு பகுதிகள் இப்பதிவில் இடம்பெறாமை வருந்தத்தக்கது. ஒன்று திருவெம்பாவை. அதன் மெட்டு மக்கள் நாவிலே ஊறிவிட்டமையால் அதனைத் தொடாது விட்டனர் எனக் கொள்ளலாம். மற்றது திருச்சாழல். ஒருத்தி வினவ மற்றொருத்தி விடையிறுக்கும் இருபது பாடல்கள். ஈரணியாகப் பிரிந்து எதிரெதிர் நின்று பாடும் குழுவுக்கு இதனினும் ஏற்றதொன்று தமிழிற் காண்டல் அரிது. மேலும், தில்லையிலே ஈழத்து அரசனின் ஊமைமகள் வாய்திறந்து புத்தகுருவின் வினாக்களுக்கு அளித்த விடைகளே திருச்சாழல் என்பது புராண மரபு. ஈழத்தார்க்கு இவ்வளவு நெருங்கிய பகுதியை இசைக்கும் பணி எஞ்சிக் கிடக்கின்றது. அதற்குப் புடாபெஸ்ட் வரை செல்ல வேண்டுவதில்லை. ஒரு கல்லூரியின் மாணாக்கர் இருபதின்மர், சுருதிப்பெட்டி ஒன்று, மிருதங்கம் ஒன்று, எதிரொலி அளவாயுள்ள மண்டபம் ஒன்று, ஒரு தவணைக்கால ஒத்திகை இவை போதும். ஹான்டெலிடம் அன்று இருந்தோர் பத்தொன்பதின்மர்தாமே!

கேட்கும் கருவியையும் மறத்தல் ஆகாது. ஒரே பதிவு கருவிக்கேற்ப வேறுவேறாய்த் தோன்றும். நல்ல செவிக்கருவியில் கேட்போர்க்குப் பல்லியத்தின் தாழ்ந்த நரம்போசைகள் அடிநிலமாய் நிற்கும். குரல்கள் இணைந்த தையலும் அதிலேதான் தெளிவாய்ப் புலப்படும். கைப்பேசியின் சிறு ஒலிவாயிலோ தாழ்ந்த ஓசையை ஏறக்குறைய முழுதும் விழுங்கிவிடும். கோயில் மரத்திற் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியும் அத்தகையதே. மனிதக் குரலின் நடுத்தர ஓசைகளையே அது தள்ளிவிடும். கப்பல்துறைக் கோயில் ஒன்றிலே இப்பதிவை அவ்வாறு ஒலிக்கவிட்டால் வீதியில் நிற்போர்க்குப் புடாபெஸ்டின் உழைப்பிற் பெரும்பகுதி எட்டாது. சிவபுராணத்தின் நீண்ட பல்லிய இடைவெளிகள் வெறும் இரைச்சலாய்த் தேயும். அச்சப்பத்தின் ஈற்றுத் தொடரை மட்டும் சந்தைக்குப் போவாரும் நின்று கேட்டுச் சொல்லிவிடுவர்.